எந்த ரிச்மண்ட்? – வாசகர் கேள்வி பதில்

வாசகி, உவர்மலை: வடக்கு யோர்க்‌ஷயரில் உள்ள ரிச்மண்ட் என்ற பழைய சந்தை நகரில் மூன்று இரவு தங்க நினைக்கிறோம். லண்டனிலிருந்து எப்படிப் போவது?

முதலில் பெயரைக் கவனியுங்கள். லண்டனின் தென்மேற்கிலும் ஒரு ரிச்மண்ட் இருக்கிறது. அங்கே ரயில் நிலையமும் உண்டு. நீங்கள் போகிற ரிச்மண்டுக்கு இப்போது ரயில் இல்லை. அந்தப் பாதையை 1969இல் மூடிவிட்டார்கள். ஆகவே கிங்ஸ் குரொஸ் நிலையத்திலிருந்து டார்லிங்டனுக்கு ரிக்கெட் எடுங்கள். ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு என்பதால் அன்று போய் இறங்காதீர்கள்.

தங்குமிடத்துக்கும் இதே குழப்பம் உண்டு. அஞ்சல் குறியீடு டி.எல். 10 என்றால் யோர்க்‌ஷயர். டி.டபிள்யூ. 9, 10 என்றால் லண்டன். பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்.

‘அட்வான்ஸ்’ ரிக்கெட் மலிவுதான், ஆனால் பதிவு செய்த அந்த ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். விமானம் பிந்தினால் அந்தப் பணம் போனதுதான். வந்திறங்கும் அன்றே வடக்கே போவதென்றால் ‘ஓஃப் பீக்’ ரிக்கெட் எடுங்கள். நெரிசல் நேரம் தவிர்த்து எந்த ரயிலிலும் ஏறலாம்.

வாசகர், தம்பலகாமம்: அந்த ஊரில் எதைப் பார்ப்பது? எந்த நாள் நல்லது?

வெளிச்சந்தை கூடுவது சனிக்கிழமை. வெள்ளி மாலையே போய்ச் சேர்ந்தால் காலையில் நிதானமாகச் சுற்றலாம். சந்தைச் சதுக்கத்தின் நடுவில் நிற்கும் பழைய தேவாலயம் இப்போது கிறீன் ஹவார்ட்ஸ் படைப்பிரிவின் அருங்காட்சியகம். பக்கத்தில் உள்ள 1771ஆம் ஆண்டுத் தூபி வெறும் அலங்காரமல்ல, அதன் அடியில் ஊருக்கு நீர் வழங்கிய தொட்டி இருந்தது. தரை முழுவதும் உருளைக்கல். மழையில் வழுக்கும், செருப்போடு போனால் கணுக்கால் பிசகும்.

கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1071 அளவில், பிரான்சின் பிரிட்டனிப் பகுதிப் பிரபு அலன் ரூஃபஸ். திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் அதுபோல் நீண்ட மதில்களை எதிர்பார்க்கக் கூடாது. இங்கே மையம் 12ஆம் நூற்றாண்டுக் கோபுரம், உயரம் 100 அடிக்கு மேல். ஏறிப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் கோட்டைக்கு வெளியே அதைச் சுற்றிவரும் நடைபாதையோடு நின்றுகொள்ளலாம், அங்கிருந்தும் ஆறு நன்றாகத் தெரியும்.

ஞாயிறு காலை ஸ்வேல் ஆற்றோரமாக ஒரு மைல் நடந்தால் ஈஸ்பி மடம். 1152இல் நிறுவப்பட்டது, இன்று இடிபாடு. எங்களைக் கேட்டால் கோட்டையைவிட இதுவே அழகு. ஆற்றில் மட்டும் இறங்க வேண்டாம். மேலே மலைப்பகுதியில் பெய்த மழை இங்கே வெயில் எறிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரும். வழியில் கன்றோடு பசுக்கள் நின்றால் ஊடே போகாமல் சுற்றிப் போங்கள். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள்.

வாசகி, கிண்ணியா: மீனும் சிப்ஸும் என்றால் நாங்கள் யோசிக்காமல் சாப்பிடலாமா?

யோசிக்க வேண்டும். யோர்க்‌ஷயர் கடைகள் பலவற்றில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில்தான். உருளைக்கிழங்கும் அதே சட்டியில்தான். ஹலால் பார்ப்பவர்களுக்கும் மரக்கறிக்காரருக்கும் இது பொருந்தாது. “தாவர எண்ணெயா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பப்களில் பகல் சமையல் பிற்பகலில் நின்றுவிடுவது வழக்கம். 2 மணிக்கு முன் உட்கார்ந்துவிடுங்கள்.

வாசகர், உப்புவெளி: எங்கள் ஊர்ப் பெயரில் அங்கே ஒரு கப்பல் இருக்கிறதாமே?

இருக்கிறது, ஹார்ட்ல்பூலில். எச்.எம்.எஸ். திருகோணமலை 1817 அக்டோபர் 12இல் பம்பாயில் வெள்ளோட்டம் கண்ட தேக்குக் கப்பல். 1782இல் நம் கரைக்கு அப்பால் பிரித்தானிய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் மோதிய போரின் நினைவாக வைத்த பெயர். பிரித்தானியப் போர்க்கப்பல்களில் இன்னும் தண்ணீரில் மிதப்பவற்றுள் மிகப் பழையது இதுவே. டார்லிங்டனில் ரயில் ஏறி, தோர்னபியில் மாறிப் போங்கள். இதற்கென ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கீழ்த்தளங்களின் கூரை தாழ்வு, தலை கவனம்.

வாசகர், மூதூர்: விசாவுக்குத் தமிழ்ப் பத்திரங்களை அப்படியே கொடுக்கலாமா?

முடியாது. ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி, திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விபரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயணத் திகதிக்கு 3 மாதம் இருக்கும்போதிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வரப் பொதுவாக 3 வாரம் ஆகும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும், அந்தப் பயணத்தையும் கணக்கில் எடுங்கள்.