கணக்கு நோட்டில் ஏறாத மணி நேரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டின் பண இலக்குகளுக்கும் தனக்கான ஓய்வுக்கும் இடையே சிக்கிக்கொள்வதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டு வீட்டுக் கடன் வாங்கியிருக்கிறோம். அதை 12 ஆண்டுகளில் அடைத்துவிட வேண்டும் என்று முதல் மாதத்திலிருந்தே தவணைக்கு மேல் கூடுதலாகக் கட்டி வருகிறோம். அந்தக் கூடுதல் தொகை முழுவதும், சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் நான் டியூஷன் எடுத்துச் சம்பாதிப்பது. கடன் குறைவதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் சில மாதங்களாக எதைத் தொட்டாலும் எரிச்சல் வருகிறது. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால், இந்த நேரத்தில் இன்னொரு பேட்ச் எடுத்திருக்கலாமே என்று மனம் உறுத்துகிறது. இலக்கைத் தளர்த்தாமல் எனக்கென்று நேரம் ஒதுக்க வழி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இலக்கைச் சற்றும் தளர்த்தாமல் வழி இல்லை. ஆனால் எவ்வளவு தளர்த்தினால் எவ்வளவு இழப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், நீங்கள் பயப்படும் அளவுக்கு இழப்பு இல்லை என்பது தெரியும்.

கடன் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகள் கட்டினால் வட்டி மட்டும் ஏறக்குறைய 116 ஆகும். 15 ஆண்டுகளில் முடித்தால் 83, 12 ஆண்டுகளில் முடித்தால் 64. இந்த வித்தியாசங்களுக்கு நீங்கள் தரும் விலையையும் பாருங்கள். 12 ஆண்டுகளில் முடிக்க, மாதத் தவணையைவிட ஏறத்தாழ 26 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 15 ஆண்டுகளில் முடிக்க 13 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகக் கட்டினால் போதும். அதாவது, கூடுதல் தொகையில் முதல் பாதி உங்கள் கடனில் 5 ஆண்டுகளைக் குறைத்து 33 பங்கு வட்டியை மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது பாதி 3 ஆண்டுகளை மட்டும் குறைத்து 19 பங்கை மிச்சப்படுத்துகிறது. சனிக்கிழமை வருமானமும் ஞாயிற்றுக்கிழமை வருமானமும் சமம் என்றால், அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் வாரத்தில் உங்களுக்கு இருந்த கடைசி ஓய்வு நாளையும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்த 19 பங்கு அற்பத் தொகை என்று நான் சொல்லவில்லை. வேலை நிரந்தரமில்லாத வீட்டில், அல்லது ஓய்வு பெறும் வயது நெருங்கும் வீட்டில், அதைப் பெரிதாக நினைத்து 12 ஆண்டுகள் என்றே முடிவெடுப்பதும் நியாயம்தான். ஆனால் விலை தெரிந்து எடுக்கிற முடிவும், ஓய்வெடுத்தால் குற்றம் என்ற உறுத்தலில் எடுக்கிற முடிவும் ஒன்றல்ல. என் கருத்தைக் கேட்டால், ஒரு நாள் வகுப்பை நிறுத்திவிட்டு 15 ஆண்டுகள் என்று இலக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பின்னர் சம்பளம் உயரும்போது உயர்வில் ஒரு பகுதியை ஆரம்பத்திலேயே கடனுக்குத் திருப்பிவிட்டால், இழந்த 3 ஆண்டுகளில் கொஞ்சத்தை ஞாயிற்றுக்கிழமையைத் தொடாமலேயே மீட்டுவிடலாம். இதோடு, கூடுதலாகக் கட்டும் பணம் அசலில்தான் கழிக்கப்படுகிறதா, அதற்கேற்பத் தவணைத் தொகையைக் குறைக்காமல் கடன் காலத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். தவணைத் தொகையைக் குறைத்திருந்தால், உங்கள் வார இறுதி உழைப்பில் ஒரு பகுதி, நீங்கள் நினைத்த வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

பணக் கணக்கு இத்துடன் முடிகிறது. உண்மையான சிக்கல் அந்த ஞாயிற்றுக்கிழமை கையில் வந்த பிறகுதான் தொடங்கும். நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புத்தகத்தைத் திறப்பீர்கள், பத்து நிமிடத்தில் கதவு திறந்து, "அம்மா, என் நீல நிற நோட்டு எங்கே?" என்று ஒரு குரல் வரும். நோட்டை எடுத்துக் கொடுக்கப் போனவர் மடிக்காத துணியைப் பார்ப்பீர்கள், துணியை வைக்கப் போன இடத்தில் கலைந்து கிடக்கும் அலமாரியைப் பார்ப்பீர்கள், பொழுது சாய்ந்துவிடும். டியூஷனை நிறுத்தியதால் வருமானம் போயிருக்கும், ஓய்வும் வந்திருக்காது. பெரும்பாலான வீடுகளில் பணத்துக்குக் கணக்கு நோட்டு இருக்கிறது, நேரத்துக்கு இல்லை. ஆகவே, ஒருவரின் ஓய்வு நேரத்தில் வீட்டு வேலையை யார் செய்வது என்ற கேள்வி கேட்கப்படாமலேயே, அது பழகிய தோள் மீது போய் விழுகிறது.

இதற்குக் கணவரோடு உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நாள் முழுவதும் வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. ஓய்வு நேரத்துக்கும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்கர்களிடம் ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தம் விருப்பப்படி செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வரை கூடக்கூட மனநிறைவும் கூடியது. அதன் பிறகு கூடவில்லை, 5 மணி நேரத்தைத் தாண்டியபோது குறையவும் செய்தது. ஞாயிறு காலையில் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம், அந்த நேரத்தில் குழந்தைக்கும் வீட்டுக்கும் முழுப் பொறுப்பு அவருடையது, நீல நோட்டைத் தேடுவது உட்பட. அதே அளவு நேரம் மாலையில் அவருக்கு. நீங்கள் வீட்டுக்கு வெளியே சென்றுவிட முடியுமானால் இன்னும் நல்லது; வீட்டுக்குள் இருப்பவரைக் கூப்பிடாமல் இருக்க எந்தக் குழந்தையாலும் முடியாது.

கேள்வி: கிரெடிட் கார்டு நிலுவை ஏறிக் கிடக்கிறது. மாதம் 3 சதவீத வட்டி. இந்த நிலையிலும் என் மனைவி நடன வகுப்புக்குப் பணம் கட்டுகிறார். அதுதான் தன்னை உயிர்ப்போடு வைத்திருக்கிறது என்கிறார். கடன் தீரும் வரை இத்தகைய செலவுகளை நிறுத்த வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

– ஒரு வாசகர்

பதில்: மாதம் 3 சதவீதக் கூட்டு வட்டியில், எதுவும் கட்டாமல் விட்டால் கடன் 2 ஆண்டுகளுக்குள் இரு மடங்காகிவிடும். உங்கள் கவலையில் தவறில்லை. ஆனால் யார் சொல்வது சரி என்பது வகுப்புக் கட்டணத்துக்கும் நீங்கள் மாதந்தோறும் கட்டக்கூடிய தொகைக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. கடிதத்தில் அதை நீங்கள் எழுதவில்லை.

நிலுவை 100, வகுப்புக் கட்டணம் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் மாதம் 10 கட்ட முடியுமென்றால் கடன் ஏறக்குறைய 12 மாதங்களில் தீரும். வகுப்பைத் தொடர்ந்து 9 மட்டும் கட்டினால் 14 மாதங்களுக்குள் தீரும். கூடுதலாகப் போகும் வட்டி 3 அளவில் இருக்கும். இந்த வித்தியாசத்துக்காக ஒரு மனிதரை ஓராண்டு வாடவிடுவது வீட்டுக்கு லாபம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாறாக, உங்களால் மாதம் 5 மட்டுமே கட்ட முடியும் என்றால் நிலைமை வேறு. 5 கட்டினால் 31 மாதங்கள், 4 கட்டினால் 47 மாதங்கள். அந்த ஒரு பங்கு 16 மாதங்களைத் தின்றுவிடுகிறது. அங்கே வகுப்பை நிறுத்தி வைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுத்தி வைப்பது என்றால், மீண்டும் தொடங்கும் மாதத்தையும் அப்போதே குறித்துவிட வேண்டும். வகுப்புக்குச் செலவான மணி நேரமும் அவருக்கே இருக்க வேண்டும். பணமில்லை என்பதால் நேரமும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. எந்த வழியை எடுத்தாலும், நிலுவை தீரும் வரை அந்தக் கார்டில் புதிதாக எதையும் வாங்காதிருப்பது முதல் நிபந்தனை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் மனைவியின் செலவு இருக்கிறது, உங்களுடையது எதுவும் இல்லை. உங்களுக்கென்று செலவே கிடையாது என்றால் அதுவும் சரிசெய்ய வேண்டிய ஒன்றுதான். இருந்தும் எழுதவில்லை என்றால், இருவருடைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

பேச்சு சண்டையில் முடிகிறது என்றால், நேரத்தை மாற்றிப் பாருங்கள். கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, அறுவடைக்கு முன் பண நெருக்கடியில் இருந்தபோது சிந்தனைத் திறன் சோதனைகளில் அவர்கள் பெற்ற மதிப்பெண், அறுவடைப் பணம் வந்த பின் அதே விவசாயிகள் பெற்றதைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. பணக் கவலை மனத்தை அடைத்துக்கொள்ளும் மாதக் கடைசியில் இந்தப் பேச்சை வைத்துக்கொள்ளாமல், சம்பளம் வந்த முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வருமானம் கிடையாது; வீட்டையும் மாமியாரையும் இரண்டு குழந்தைகளையும் கவனித்துக்கொள்கிறேன். கணவர் ஒருவர் சம்பாத்தியத்தில் சேமிப்பு இலக்கு வைத்திருக்கிறோம். எனக்காக ஏதாவது செலவு செய்யவோ, கொஞ்ச நேரம் படுக்கவோ கூச்சமாக இருக்கிறது. நான் இதை எப்படிக் கேட்பது?

– ஒரு இல்லத்தரசி

பதில்: சம்பளம் இல்லாத பராமரிப்பு வேலைகளுக்கு உலகம் முழுவதும் செலவாகும் மொத்த நேரத்தில் 76.2 சதவீதத்தைப் பெண்களே செலவிடுகிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. நீங்கள் செய்யும் வேலைகளுக்கு ஆள் வைத்தால் உங்கள் சேமிப்பு இலக்கு என்னவாகும் என்பதைக் கணவருக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அந்தத் தொகையை அவரிடம் கேட்பதற்காக அல்ல. சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்பது இருவருக்கும் கண்ணில் படுவதற்காக.

கேட்பதை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் கூச்சம் குறையும். ஒன்று பணம்: மாதம் சிறு தொகையானாலும் இருவருக்கும் சம அளவில், ஒருவரிடம் மற்றவர் கணக்குக் கேட்காத பணமாக, சேமிப்பை எடுத்து வைக்கும் அதே நாளில் எடுத்து வைக்க வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்ப்போம் என்றால் எந்த மாதமும் மிஞ்சாது. மற்றொன்று நேரம்: கணவருக்கு வார விடுமுறை உண்டு என்றால், உங்களுக்கும் உண்டு. மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வாரத்தில் ஒரு வேளை அவர் மகன் ஏற்பது உதவி அல்ல, அவருடைய பங்கு. இதை நீங்கள் சொல்லத் தயங்கினால், இந்தப் பக்கத்தை மேசை மீது திறந்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளின் மேற்படிப்புக்காக இரண்டு வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எத்தனை காலம் இப்படி ஓடலாம்?

– ஒரு தந்தை

பதில்: வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாக அறிவித்தன. ஆகையால் 55-க்குக் கீழே எப்போது இறங்குவது என்பதுதான் உங்கள் முன் உள்ள கேள்வி. முடிந்தால் இப்போதே இறங்குங்கள். இயலாவிட்டால் காலண்டரில் ஒரு தேதியைக் குறித்து, அதை வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள். அதற்குள் 3 முதல் 6 மாதச் செலவுக்கான அவசர நிதியும், உங்கள் பெயரில் போதிய ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இருப்பதை உறுதிசெய்யுங்கள். மேற்படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்கும். உடல் படுத்துவிட்டால் அதற்கு ஈடாக எந்தக் கடனும் கிடைக்காது. படிப்புச் செலவில் ஒரு பகுதியைக் கடனாகப் பிள்ளைகளே பின்னாளில் அடைக்கட்டும் என்று விடுவது தந்தையின் தோல்வி அல்ல.

கேள்வி: கணவரோடு பேசி தினமும் ஒரு மணி நேரம் ஓய்வு வாங்கிவிட்டேன். ஆனால் அது முழுவதும் மொபைலில் போய்விடுகிறது. எழுந்திருக்கும்போது முன்பைவிடக் களைப்பாக இருக்கிறது.

– ஒரு வாசகி

பதில்: வேலைக் களைப்பிலிருந்து மீள்வதைப் பற்றி 2007-இல் சபீனா சோனன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு, மீள்வதற்குத் துணைபுரியும் நான்கு அனுபவங்களைக் குறிப்பிடுகிறது: வேலையின் நினைப்பிலிருந்து விடுபடுவது, உடலும் மனமும் தளர்ந்து இருப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுவது, அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத் தானே முடிவு செய்வது. உங்கள் மொபைலில் அலுவலகக் குழுவும், பள்ளிக் குழுவும், வங்கிக் குறுஞ்செய்திகளும் இருக்கும் வரை முதலாவது நடக்காது. அடுத்து எதைப் பார்ப்பது என்பதைத் திரை தீர்மானிக்கும் வரை கடைசியும் நடக்காது.

மொபைலைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, வரும் அழைப்புகளை அவரே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் சில நாட்கள் கை துறுதுறுவென்றிருக்கும். அந்த நேரத்துக்காகப் பணம் செலவழித்து எதையும் வாங்க வேண்டாம். பாதியில் நிறுத்திய பாட்டோ, தையலோ, நடைப்பயிற்சியோ ஏற்கெனவே வீட்டில் இருக்கும். வாரத்தில் ஓரிரு நாள் வெறுமனே படுத்துத் தூங்கிவிட்டாலும் அந்த நேரம் வீணானதாக எண்ண வேண்டாம். தினமும் தூக்கம்தான் வருகிறது என்றால், வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை என்பதை மனத்தில் வைத்து, முதலில் இரவுப் படுக்கை நேரத்தைச் சரிசெய்யுங்கள்.