மணியும் மலை ரயிலும்

அன்புள்ள சார்,

என் மகள் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் இருக்கிறாள். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினாள். பழைய நீராவி ரயில், ஜன்னலோரம் அவர்கள் வீட்டு நாய் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. நாய்க்கும் டிக்கெட் வாங்கினார்களாம். எங்கள் வீட்டிலும் மணி இருக்கிறான். தெருவில் கிடைத்த நாட்டு நாய்தான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து எனக்குப் பேச்சுத்துணை அவன்தான். அவனை ஒரு நாள் ஊட்டி மலை ரயிலில் கூட்டிப்போக ஆசை. முடியுமா? ரயிலைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்களே என்று கேட்கிறேன்.

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள டீச்சர்,

ஆசை உங்களுடையது. மணியைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வான்.

முதலில் இங்கிலாந்துக் கதை. அங்கே சாதாரண ரயிலிலேயே ஒரு பயணி இரண்டு நாய் வரை காசில்லாமல் கூட்டிப்போகலாம். அந்தப் பழக்கம் பாரம்பரிய ரயில்களிலும் தொடர்கிறது. சிலவற்றில் நாய்க்குச் சின்னதாக ஒரு கட்டணம், அவ்வளவுதான். இந்த ரயில்களில் பல, மூடப்பட்ட பாதைகளை ஆர்வலர்கள் கையிலெடுத்து ஓட்டுபவை. வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்தான் இதில் முன்னோடி, 1951-லேயே தொண்டர்கள் கைக்கு வந்தது. அவசர வேலையாக அதில் ஏறுகிறவர்கள் குறைவு. குடும்பத்தோடு பொழுதுபோக்க வருகிறவர்களே அதிகம், நாயும் அந்தக் குடும்பத்தில் ஒன்று. நாய் விஷயத்தில் இங்கிலாந்து ரயில்காரர்களுக்குப் பழக்கம் பழசு. லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்லௌ ஸ்டேஷனில் ஜிம் என்று ஒரு நாய், முதுகில் உண்டியலைக் கட்டிக்கொண்டு, இறந்துபோன ரயில்வே ஊழியர்களின் குடும்பங்களுக்காகக் காசு வசூலித்தது. காசு விழுந்தால் குரைக்குமாம். 1896-ல் செத்துப்போன ஜிம்மைப் பாடம்செய்து, ஐந்தாவது பிளாட்பாரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

நம் ரயிலில் நாய் அநேகமாக லக்கேஜ் கணக்கு. ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் அல்லது நாலு பேர் கூபே, அதாவது தனி அறை, முழுவதையும் உங்கள் பெயரில் எடுத்தால் கூடவே கூட்டிப்போகலாம். ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி, சேர் கார் எதிலும் அனுமதி இல்லை. மற்றபடி பார்சல் ஆபீசில் புக் செய்து, கார்டு பெட்டியோடு இருக்கும் நாய்க்கூண்டில் ஏற்ற வேண்டும். தடுப்பூசிச் சான்று, டாக்டர் சான்று, கழுத்துப்பட்டை, சங்கிலி எல்லாம் வேண்டும். சாப்பாடும் தண்ணீரும் நம் பொறுப்பு.

அந்தக் கூண்டில் ஒரு நாயை ஏற்றுவதை ஒரு ஜங்ஷனில் ராத்திரி நேரத்தில் பார்த்தேன். நல்ல வளர்ந்த அல்சேஷன். உடையவர் பிஸ்கட்டைக் கூண்டுக்குள் போடுகிறார். அது கழுத்தை மட்டும் நீட்டி பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு, நாலு காலையும் பிளாட்பாரத்தில் ஊன்றி நிற்கிறது. கார்டு டார்ச்சும் கையுமாகக் காத்திருக்கிறார். கடைசியில் போர்ட்டர் ஒருவர் பின்னாலிருந்து அலேக்காகத் தூக்கி உள்ளே விட்டார். ரயில் கிளம்பியும் குரைப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. மலை ரயில் கிளம்புகிற மேட்டுப்பாளையம் போய்ச் சேர மணி ஒரு ராத்திரி முழுக்க அப்படிப் போக வேண்டும்.

சரி, கூபே எடுத்தே போய்ச் சேர்ந்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மலை ரயில் மனிதர்களுக்கு அற்புதம்தான், நான் மறுக்கவில்லை. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் வந்த பாதை, 46 கிலோமீட்டர், 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் உள்ள பல்வரிசையைப் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். நாய் காதுக்கு இது எப்படியிருக்கும்? விசில், நீராவிச் சீறல், பல்சக்கரம் கடகடக்கிற சத்தம், இடையிடையே குகை இருட்டு. பெட்டிக்குள் முழங்காலும் முழங்காலும் இடிக்கும். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் வண்டி நின்றால் குரங்குகள் வரும். மணி அவற்றைப் பார்த்தபிறகு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஊட்டியை ரசிக்க முடியாது.

மணிக்கு வேண்டியது மோந்து பார்க்க மண்ணும் ஓட இடமும். பாரம்பரியம் வேண்டியது உங்களுக்கு. இரண்டும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து ஓடியது நம் வாலாஜா ரோடு வரைக்கும்தான். அப்புறம்தான் பாதை மேற்கே நீண்டது. 2022-ல் தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் ஓடியதும் இதே பாதையில்தான். காட்பாடியில் நின்று போகிறது. ஊட்டிக்குப் போய்ப் பார்க்கிற ரயிலைவிட இது நாற்பத்துமூன்று வருஷம் மூத்த பாதை. புகை இல்லை, விசில் பழசில்லை என்பதால் நாம் இதைப் பாரம்பரியம் என்று சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

தை, மாசியில் ஒரு நாள் விடிகாலையில் காரிலோ தெரிந்த ஆட்டோவிலோ மணியை ஏற்றிக்கொண்டு திருவலம் போங்கள். பொன்னையாற்றின் மேல் பழைய இரும்புப் பாலம் இருக்கிறது. ரயில் பாலமும் அந்த ஆற்றைத்தான் தாண்டுகிறது. நம்மூர் ஆற்றைத் தண்ணியில்லாத ஆறு என்று கேலி செய்வார்களே, மணிக்கு அது நல்ல வசதி. ரயில் பாலத்துக்கு நன்றாகத் தள்ளி, மணலில் நீளமான கயிற்றில் விடுங்கள். தண்டவாளப் பக்கம் போகவே வேண்டாம், இப்போதைய வண்டிகள் சத்தம் கேட்பதற்குள் வந்துவிடுகின்றன. தூரத்தில் ரயில் போகும்போது முதல் தடவை காதை விறைப்பான், இரண்டாவது ரயிலுக்குத் திரும்பியும் பார்க்க மாட்டான். மழைக்காலம் வேண்டாம். 2021 கடைசியில் அந்த ரயில் பாலமே பழுதாகி ரயில்கள் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். கோடையும் வேண்டாம், வேலூர் வெயிலில் மணல் அவன் பாதத்தைப் பொசுக்கிவிடும். மாசியிலேயே ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

தண்ணீரும் அகலமான ஒரு கிண்ணமும் எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தயிர்சாதம் போதும். வரும் வழியில் நீங்கள் பிரியாணி வாங்கினால், எலும்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்திவிடும், அவன் எப்படிப் பார்த்தாலும் சரி.