வினிகரிலும் விளக்கு எரிகிறதே, டீச்சர்!

வேதியியல் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன எல்இடி, இரண்டு பென்சில் கரிக்குச்சி வைத்து மின்கடத்தல் சோதனை செய்தேன். உப்புத் தண்ணீரில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சர்க்கரைத் தண்ணீரில் எரியவில்லை. இதுவரை புத்தகத்தில் உள்ளபடிதான். ஆனால் வினிகரிலும் மங்கலாக எரிந்தது. உலர்ந்த உப்பில் எரியவே இல்லை. அப்படியானால் வினிகர் அயனிச் சேர்மம், உப்பு சகப்பிணைப்புச் சேர்மம் என்று எழுதலாமா?
– பள்ளி மாணவி ஒருவர்

பதில்: எழுதாதே அம்மா. ஆனால் கண்ணால் பார்த்ததை மறைக்காமல் கேட்டாயே, அதற்கு முதலில் என் பாராட்டு. இதே சோதனையைச் செய்துவிட்டு, வினிகரில் எரிந்த விளக்கை நோட்டில் எழுதாமல் விட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மின்சுமை கொண்ட அணுவோ அணுக் கூட்டமோதான் அயனி. எதிரெதிர் மின்சுமையால் அயனிகள் ஒட்டியிருப்பது அயனிப் பிணைப்பு, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு சேர்வது சகப்பிணைப்பு. உன் எல்இடிக்குப் பிணைப்பு என்றால் என்னவென்றே தெரியாது. இந்தத் திரவத்தில் மின்சுமையைத் தூக்கிக்கொண்டு நகர ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு கிண்ணங்களையும் மறுபடி பார்ப்போம்.

உலர்ந்த உப்பில் அயனிகளுக்குக் குறைவே இல்லை, முழுக்க அயனிகள்தான். ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். சதுரங்கக் கட்டங்களை மேலும் கீழும் அடுக்கிய மாதிரி. எல்லாம் தன் இடத்தில் இறுகி நிற்பதால் எதுவும் நகராது, விளக்கும் எரியாது. தண்ணீரில் போட்டதும் அந்த அடுக்கு பிரிந்து அயனிகள் தனித்தனியே நீந்தத் தொடங்குகின்றன. உப்பை உருக்கினாலும் மின்சாரம் பாயும். ஆனால் அதற்கு 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், வீட்டு அடுப்பில் அந்த முயற்சி வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. உப்புக்குள் தனித்தனி ‘சோடியம் குளோரைடு மூலக்கூறு’ எதுவும் கிடையாது. 1913-இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பிராக் என்ற இயற்பியலாளர் இதைக் காட்டினார். ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளருக்கு அது பொறுக்கவில்லை. உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்களே என்று 1927-இலும் ‘நேச்சர்’ இதழுக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். பெரிய அறிஞருக்கே அத்தனை வருடம் ஏற்கக் கடினமாக இருந்த விஷயம் இது. உனக்கு ஒரு மாலையில் குழப்பம் வந்ததில் தவறே இல்லை.

சர்க்கரையும் தண்ணீரில் கரைகிறது, ஆனால் முழு மூலக்கூறாகவே கரைகிறது. அதற்கு மின்சுமை இல்லை. அது எவ்வளவு நீந்தினாலும் விளக்குக்குப் பயனில்லை. ‘கரைந்தால் அயனிச் சேர்மம்’ என்று சிலர் மனப்பாடம் செய்கிறார்கள். அதைத் தயவுசெய்து மறந்துவிடு.

இப்போது வினிகர். அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சகப்பிணைப்பு மூலக்கூறுதான். ஆனால் தண்ணீரோடு சேரும்போது சில மூலக்கூறுகள் ஒரு ஹைட்ரஜனை அயனியாக நீரிடம் கொடுத்துவிடுகின்றன. சாதாரண வினிகரில் 1000 மூலக்கூறுக்கு ஏறக்குறைய 5 மட்டுமே இப்படிப் பிரிந்திருக்கும். உன் விளக்கு மங்கலாக எரிந்தது அதனால்தான். நீ பார்த்த அந்த மங்கல் வெளிச்சம் பிழை இல்லை, பலவீன அமிலத்தின் கையெழுத்து. சிட்ரிக் அமிலத்தைக் கொண்டும் செய்து பார். உலர்ந்த தூளில் எரியாது, கரைசலில் எரியும். அதுவும் சகப்பிணைப்புச் சேர்மமே. ஆக, கரைசலில் விளக்கு எரிந்தால் ‘இங்கே அயனிகள் இருக்கின்றன’ என்று மட்டும் எழுது. அவை முன்பே இருந்தனவா, தண்ணீரில் உண்டானவையா என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டும்.

அந்தச் சாட்சி சூடு. பழைய கரண்டியில் ஒரு சிட்டிகை சர்க்கரையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் சீக்கிரமே இளகிப் பழுப்பாகும். உப்பு இளகாது. ஆனால் படபடவென்று வெடித்துத் துள்ளும். படிகத்துக்குள் சிக்கிய ஈரம் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. கண்ணாடி அணிந்துகொள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இங்கும் அவசரப்படக் கூடாது. மெழுகு உருகும்போது அதன் மூலக்கூறுக்குள் உள்ள சகப்பிணைப்பு ஒன்றுகூட அறுவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்புதான் தளர்கிறது. மணலை எடுத்துக்கொள். அதுவும் சகப்பிணைப்புதான், ஆனால் ஒரு மணல் துகளுக்குள் கடைசிவரை பிணைப்பு வலை. அதை உருக்க சுமார் 1700 டிகிரி வேண்டும், உப்பைவிட இரு மடங்கு! ‘சகப்பிணைப்பு என்றால் எளிதில் உருகும்’ என்ற வரி மணலிடம் தோற்றுப்போகும்.

கடைசியாக, பென்சில் கரிக்குச்சிகளை ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவு. ஒருமுறை என் வகுப்பில் சர்க்கரைக் கரைசல் விளக்கை எரிய வைத்தது. எல்லோரும் திகைத்து நின்றோம். உப்பு கலக்கிய அதே கரண்டியால் கலக்கியிருந்தோம். குழாய்த் தண்ணீரிலும் கரைந்த உப்புகள் உண்டு. அதனால் எதையும் போடுவதற்கு முன் வெறும் தண்ணீரைச் சோதித்து எழுதி வை.

கேள்வி: முட்டை ஓட்டைப் பொடித்துக் காய்ச்சி வடித்த நீரில் போட்டோம். விளக்கு எரியவில்லை. அயனிச் சேர்மம்தானே? சமையல் சோடாவில் நன்றாக எரிந்தது. அது எந்த வகை?
– தந்தை ஒருவர்

பதில்: முட்டை ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அயனிச் சேர்மம்தான், ஆனால் நீரில் கரைவதே அரிது. விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு அயனிகள் வெளியே வரவில்லை. சமையல் சோடாவில் இரண்டு வகைப் பிணைப்பும் உண்டு. சோடியம் அயனிக்கும் பைகார்பனேட் அயனிக்கும் இடையே அயனிப் பிணைப்பு. பைகார்பனேட்டுக்குள் கார்பனும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சகப்பிணைப்பால் கட்டுண்டவை. உங்கள் முட்டை ஓட்டின் கார்பனேட்டும் அப்படித்தான்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் கரிக்குச்சிகளைச் சுற்றிக் குமிழி வந்தது. ஒரு பக்கம் நெடி அடித்தது. ஆபத்தா?
– வாசகர்

பதில்: எதிர்மின்வாயில், அதாவது பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த குச்சியில், வருவது ஹைட்ரஜன். நெடி அடிப்பது நேர்மின்வாயில், அதாவது மற்றக் குச்சியில், வரும் குளோரின், அது நச்சு வாயு. சில நொடிகள் போதும், விளக்கைப் பார்த்ததும் கரிக்குச்சிகளை வெளியே எடுத்துவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், முகர்ந்து பார்க்க வேண்டாம். எல்இடியோடு 470 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணையுங்கள், இல்லாவிட்டால் கரிக்குச்சிகள் தொட்டுக்கொண்ட கணமே அது கருகிவிடும். வீட்டு மின்சாரப் பிளக்கிலிருந்து மட்டும் ஒருபோதும் இணைப்பு எடுக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.