ரூம் மட்டும் போதும், மெம்பர்ஷிப் வேண்டாம்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை பெங்களூரின் நாலா பக்கத்திலிருந்தும் கடிதங்கள். பாதி தசரா லீவைப் பற்றி, மீதி மாலில் கூப்பன் எழுதிப் போட்டு மாட்டிக்கொண்டவர்களிடமிருந்து. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வைட்ஃபீல்டு பக்கம் ஒரு மாலில் கூப்பன் எழுதிப் போட்டோம். கோவாவில் 3 நாள் இலவசமாகத் தங்கலாம் என்று போன் வந்தது. மனைவியோடு நேரில் வந்து வவுச்சரை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். போகலாமா? (எஸ்., கே.ஆர்.புரம்)

போகாதீர்கள். ரிசார்ட் மெம்பர்ஷிப்பை உங்கள் தலையில் கட்டத்தான் கூப்பிடுகிறார்கள். பரிசு வாங்க மனைவி எதற்கு என்று யோசித்தீர்களா? "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று நீங்கள் நழுவிவிடக் கூடாது, அதற்குத்தான். அந்த வவுச்சரில் தங்கப் போனால் யூட்டிலிட்டி சார்ஜ், வரி, அவர்கள் கொடுக்கிற தேதி என்று வரிசையாக வரும். ஆள் வராத மாதத்தில் நீங்களே ரூம் போட்டாலும் ஏறக்குறைய அதே செலவுதான். அடுத்த முறை கூப்பனில் போன் நம்பரை எழுதாதீர்கள்.

கேள்வி: இரண்டு குடும்பம், எட்டுப் பேர், அதில் இரண்டு குழந்தைகள். அம்மாவுக்கு முட்டி வலி. ஊட்டியில் ரூம் போடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்? (ஆர்.வி., ஜெயநகர்)

உருப்படியான கேள்வி. மலையில் ரிசார்ட்டைச் சரிவில்தான் கட்டியிருப்பார்கள். "லிஃப்ட் இருக்கு மேடம்" என்பார்கள்; அந்த லிஃப்டுக்குப் போகவே இருபது படி இறங்க வேண்டியிருக்கும். தரைத்தளம் என்று சொல்வதும் ரிசெப்ஷனிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி கீழே இருக்கலாம். அதனால் இப்படிக் கேளுங்கள்: கார் நிற்கிற இடத்திலிருந்து ரூம் வரை எத்தனை படி, ரூமிலிருந்து சாப்பாட்டு ஹால் வரை எத்தனை படி? எண்ணிக்கையாகப் பதில் வாங்குங்கள். "கொஞ்சம்தான்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

வெந்நீர் நாள் முழுக்க வருமா, காலையில் இரண்டு மணி நேரம்தானா என்றும் கேட்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். ரூம் ஹீட்டருக்குத் தனிக் காசு வாங்குகிற இடங்கள் உண்டு. எக்ஸ்ட்ரா பெட் என்பது பல இடங்களில் தரையில் விரிக்கிற மெத்தை. குழந்தைகளுக்கு எந்த வயது வரை இலவசம், எதிலிருந்து பாதிக் கட்டணம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

எட்டுப் பேருக்கு ஒரு பெட்ரூம் யூனிட் இரண்டு போதும். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்பதை மெயிலில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெப்சைட் படத்தை நம்பாமல், உங்களுக்குத் தரப்போகிற ரூமையே வீடியோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். போனில் சொன்னதெல்லாம் செக்-இன் அன்று காற்றோடு போய்விடும். எதையும் எழுத்தில் வாங்குங்கள் என்று நான் சொல்லாத மாதமே இல்லை.

கேள்வி: சனிக்கிழமை ஆபீஸ் முடித்து மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினால் இரவுக்குள் ஊட்டி போய்விடலாமா? (எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மூன்று பேர்)

ஊட்டிக்குப் போகிற வழியில் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். செக்போஸ்டில் கெஞ்சினாலும் விட மாட்டார்கள். திம்பம் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் இரவுத் தடை உண்டு. ஞாயிறு விடியற்காலையில் கிளம்புங்கள், அல்லது மைசூரில் ஒரு ராத்திரி தங்குங்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்ற வரம்பும் வந்துவிட்டது. முதலில் இ-பாஸ், அப்புறம் ரூமுக்கு அட்வான்ஸ்.

கேள்வி: கூர்க்கில் நல்ல ரிசார்ட் ஒன்று சொல்லவும். (பெயரும் இல்லை, ஊரும் இல்லை)

எத்தனை பேர், எந்த மாதம், என்ன பட்ஜெட்? மூன்றையும் எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்வது? ஜூலை, ஆகஸ்ட் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: மழையும் அட்டையும்தான். சின்னக் குழந்தைகளோடு வேண்டாம்.

கேள்வி: ஒன்றரை மணி நேரம் என்று ஓர் ஓட்டலுக்குக் கூப்பிட்டு நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். 25 வருட மெம்பர்ஷிப், வருடம் 7 நாள், நாலரை லட்சம்; "இன்று மட்டும்" நாலு லட்சம். கார்டில் 50 ஆயிரம் தேய்த்துவிட்டேன், மீதி இ.எம்.ஐ. வீட்டுக்கு வந்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. (பெயர் வேண்டாம், பானஸ்வாடி)

முதலில் காரியத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ரத்து செய்வதற்கான பகுதியைத் தேடுங்கள். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் 10 நாள் போல அவகாசம் தருகின்றன. அந்த நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதிலேயே தகராறு வரும், அதனால் இன்றைக்கே மெயில் அனுப்பி, நாளைக்கு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "மெம்பர்ஷிப்பை ரத்து செய்கிறேன், கட்டிய பணத்தைத் திருப்பி அனுப்பவும்" என்ற இரண்டு வரி போதும், கதை வேண்டாம். போனில் ஒருவர் கூப்பிட்டு இனிமையாகப் பேசுவார், இன்னும் இரண்டு இலவசத் தங்கல் தருகிறேன் என்பார், மேனேஜர் ஊரிலிருந்து வரட்டும் என்பார். அவருடைய வேலை உங்களைப் பத்தாம் நாள் தாண்டி இழுத்துக்கொண்டு போவது. எல்லாம் மெயிலில் பேசலாம் என்று வைத்துவிடுங்கள்.

இ.எம்.ஐ. கொடுத்த பேங்க் அல்லது ஃபைனான்ஸ் கம்பெனிக்குத் தனியாக எழுத வேண்டும். அது வேறு ஒப்பந்தம். இங்கே ரத்து செய்தால் அங்கே தானாக நிற்காது, தவணை தவறினால் சிபில் ஸ்கோர் அடிபடும். பணம் வரவில்லை என்றால் 1915-ல் நுகர்வோர் புகார், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் வசிக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையிலோ சென்னையிலோ இருந்தால் உங்களுக்கென்ன? 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

இனி என் ஆத்திரத்தையும் கேளுங்கள். வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையை முன்கூட்டியே விற்கிற இந்த மாதிரி மெம்பர்ஷிப்புக்கு டைம்ஷேர் என்று பெயர். ஐரோப்பாவில் டைம்ஷேர் வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், சட்டத்திலேயே இருக்கிறது. நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டமே இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கூத்து. குழந்தையை விளையாட அனுப்பிவிடுவார்கள். சத்தமாகப் பாட்டு ஓடும். நடுவில் ஒருவர் மைக்கில் "ஆறாம் டேபிள் குடும்பம் சேர்ந்துவிட்டது" என்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். நீங்கள் தயங்கினால் கோட்டு போட்ட ஒருவர் வந்து ஐம்பதாயிரம் குறைப்பார். "குடும்பத்துக்காக வருடத்தில் ஒரு வாரம் ஒதுக்க முடியாதா சார்?" என்று மனைவி எதிரில் கேட்பார். எந்த மனுஷன் முடியாது என்பான்? இன்று மட்டும் என்ற அந்த விலை அடுத்த சனிக்கிழமையும் இருக்கும். ஆடி போய் ஆவணி வந்தாலும் இருக்கும்.

அவர்கள் காகிதத்தில் போட்டுக் காட்டுகிற கணக்கில் ஓட்டல் வாடகை மட்டும் வருடா வருடம் ஏறும், ஏ.எஸ்.எஃப். என்கிற வருடாந்திர மெம்பர் கட்டணம் ஏறவே ஏறாது. நான் போடுகிற கணக்கு இது. நாலு லட்சத்தை எஃப்.டி.யில் போட்டால் 7 சதவீதத்தில் வருடம் 28 ஆயிரம். ஏ.எஸ்.எஃப். ஒரு 20 ஆயிரம் என்று வையுங்கள். ஆக 48 ஆயிரம், ஏழு ராத்திரிக்கு. ராத்திரி ஒன்றுக்கு ஏறக்குறைய 7 ஆயிரம், சாப்பாடு தனி. ஸ்கூல் லீவில் ரூம் கிடைக்காமல் நாலு ராத்திரிதான் போக முடிந்தது என்றால் 12 ஆயிரம். எஃப்.டி.யில் இருக்கிற நாலு லட்சம் 25 வருடம் கழித்தும் உங்களுடையது. இங்கே அதுவும் போச்சு. நான்கு மாதம் முன்னால் பிளான் போட்டு, ஏழு நாளையும் விடாமல் தீர்க்கிற, லீவுக்குக் கட்டுப்படாத ரிட்டயர்டு தம்பதிகளுக்கு இது சரிப்படலாம். இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுமே அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: நண்பரின் மெம்பர்ஷிப்பில் மூணாறு போகிறோம். அங்கேயும் பிடித்து வைத்து விற்பார்களா? (கே., அல்சூர்)

முயற்சி செய்வார்கள். செக்-இன் முடிந்ததும் "வெல்கம் மீட்டிங்" என்பார்கள், ஸ்பா கூப்பனைக் காட்டுவார்கள். "வேண்டாங்க, நன்றி" என்று சொல்லிவிட்டு நகருங்கள். காரணம் மட்டும் சொல்லாதீர்கள். பணம் இல்லை என்றால் இ.எம்.ஐ. என்பார்கள், லீவு இல்லை என்றால் வீக்கெண்ட் பிளான் என்பார்கள். ஃபீட்பேக் படிவத்தில் நண்பர்கள் ஐந்து பேர் நம்பர் கேட்கிற கட்டத்தைக் காலியாக விடுங்கள், இல்லாவிட்டால் ஐந்து பேர் உங்களைத் திட்டுவார்கள். கெஸ்ட் கட்டணம் உண்டா என்று நண்பரிடம் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: விற்பனைத் தொல்லையே இல்லாத இடம் இருக்கிறதா? (பலர்)

அரசாங்க ஓட்டல்களில் யாரும் உங்களுக்கு மெம்பர்ஷிப் விற்க மாட்டார்கள். சில இடங்களில் துண்டு கொண்டுவரவே ஆள் வராது, அது வேறு விஷயம். ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானலில் ஓட்டல் தமிழ்நாடு, கர்நாடகத்தில் மயூரா ஓட்டல்கள், மூணாறில் கே.டி.டி.சி.யின் டீ கவுண்டி. இடம் பெரும்பாலும் ஊரிலேயே நல்ல இடமாக இருக்கும். பராமரிப்புதான் ஏற்ற இறக்கம், சமீபத்தில் போனவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கபினியிலும் பந்திப்பூரிலும் இருக்கிற ஜங்கிள் லாட்ஜஸ் நன்றாகவே இருக்கும், ஆனால் அங்கே கட்டணம் ஆளுக்கு. சாப்பாடும் சஃபாரியும் அதிலேயே சேர்த்தி. அதை ரூம் கட்டணம் என்று நினைத்துக்கொண்டு "மலிவு" என்று எனக்கு எழுதிய இரண்டு பேரும் தயவுசெய்து நாலால் பெருக்கிப் பார்க்கவும்.

கேள்வி: 6,800 ரூபாய் ரூமுக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். சரியா? (டி.எம்., மல்லேஸ்வரம்)

எப்போது தங்கினீர்கள் என்று எழுதவில்லையே! 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதற்கு முன்னால் என்றால் 12 சரிதான். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாக இருந்தால் அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம்.

கேள்வி: ரூம் நைட்டுகளை மொத்தமாக வாங்கி, தங்காவிட்டால் ஆறு வருடத்தில் இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாகத் தெரிந்தவர் சொல்கிறார். (பி., ஸ்ரீராமபுரம்)

வேண்டவே வேண்டாம். மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் இதே பாணியில் ஐம்பது லட்சம் பேரிடம் ஏழாயிரம் கோடி போலத் திரட்டியது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2016-ல் முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கிற செபி உத்தரவு போட்டது. உத்தரவு வந்த பிறகும் பணத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தார்கள். தெரிந்தவருக்கு கமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய மெம்பர்ஷிப்பை ஆறு லட்சத்துக்கு வாங்க ஆள் ரெடி என்று போன். என்.ஓ.சி.க்கு முதலில் 18 ஆயிரம் கட்டச் சொல்கிறார்கள். (எம்.ஜே., ராமமூர்த்தி நகர்)

கட்டாதீர்கள். வாங்குகிறவன்தானே பணம் தர வேண்டும்? ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.