தமிழில் நிஜமாகவே பயமுறுத்தும் பேய்ப் படம் இனி வருமா? எல்லாமே காமெடிப் பேயாகிவிட்டதே?

வரும். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கையில் ஒரு பேய்க் கதையை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, "இதுல காமெடி டிராக் எங்க தம்பி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர் போலத் தெரிகிறது. அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். நான் பன்னிரண்டு வருடமாக வடபழனி, சாலிகிராமம் பக்கம் சவுண்ட் எஃபெக்ட்ஸ் எடிட்டராக இருக்கிறேன். பேய்ப் படம் மட்டும் ஒன்பது செய்தாயிற்று, அதில் ஏழு காமெடி கலந்தவை. அதனால் இது சத்தத்தின் பக்கமிருந்து வருகிற பதில். கதை, கேமரா பற்றி அந்த வேலை தெரிந்தவர்கள் எழுதட்டும்.

காமெடிப் பேய்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2007ல் முனி, 2011ல் காஞ்சனா என்று வந்த வரிசைதான் என்னைப் போன்ற பல பேருக்கு வருடம் முழுக்க வேலை கொடுத்தது. 2024ல் முதல் நாலு மாதம் தியேட்டர்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது குடும்பத்தோடு ஜனங்களைத் திரும்பக் கூட்டி வந்தது அரண்மனை 4. அதை யாரும் மறுக்க முடியாது. அப்புறம், தயாரிப்பாளர் காமெடி கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. 'ஏ' சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, டிவி உரிமைக்குக் கிடைக்கிற சாட்டிலைட் விலை அடிபடும். 2011லிருந்து ஜிஎஸ்டி வந்த 2017 வரை, தமிழ்ப் பெயர் மட்டும் போதாது, 'யு' சான்றிதழும் இருந்தால்தான் கேளிக்கை வரி விலக்கு. காமெடிப் பேய் கொழித்ததும் அதே காலத்தில்தான். அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை, ஆனால் குழந்தை பயந்து அழுதால் வியாபாரம் போச்சு என்ற எண்ணம் அப்போது நன்றாக ஊறிப்போனது.

அதற்காக நம் ஆட்களுக்கு நல்ல பேய்ப் படம் பார்க்கத் தெரியாது என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாவரும் நலம், ஈரம் இரண்டும் 2009. பீட்சா 2012. மாயா, டிமான்ட்டி காலனி இரண்டும் 2015. பீட்சாவில் ஒரு ஆள் டார்ச்சை வைத்துக்கொண்டு பங்களாவுக்குள் சுற்றுகிற பகுதியில் தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அதற்கும் முன்னால், தொண்ணூறுகளின் கடைசியில் மர்மதேசம் தொடரில் விடாது கருப்பு ஓடிய நாட்களில், எங்கள் தெருவில் பையன்கள் கொல்லைப்புறம் போக அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். நானும்தான். சின்ன டிவி, ஒற்றை ஸ்பீக்கர். அதிலேயே அவ்வளவு பயம்.

என் சண்டை வேறு. அமைதியைப் பார்த்து நம் ஆட்கள் பயப்படுகிறார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை, படம் எடுப்பவர்கள்.

சில வருடம் முன்பு ஒரு படம். பெயர் வேண்டாம். டைரக்டருக்கு முதல் படம், என்னைவிடச் சின்னவர். காட்சி இதுதான்: பழைய வீடு, ராத்திரி, ஒரு பெண் கட்டிலில் படுத்திருக்கிறாள், கரண்ட் போகிறது, மேலே ஃபேன் மெதுவாக நிற்கிறது. அவ்வளவுதான். "அண்ணே, இந்த இடத்துல மியூசிக்கே வேணாம், உங்கள நம்பித்தான் விட்டுருக்கேன்" என்றார். எனக்குத் தூக்கம் போயிற்று. சவுண்ட் லைப்ரரியில் சேர்த்து வைத்திருந்த ஃபேன் சத்தம் எதுவுமே ஒட்டவில்லை, எல்லாம் கடையில் வாங்கின மறுநாள் போல வழவழவென்று ஓடின. கடைசியில் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டி பக்கம் எங்கள் அம்மாச்சி வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பழைய சீலிங் ஃபேன், ஒரு இறக்கை லேசாக வளைந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு தட்டு தட்டும். நாய் குரைப்பு அடங்க ராத்திரி ஒரு மணி ஆயிற்று. சுவிட்சைப் போடுவேன், வேகம் பிடித்ததும் அணைப்பேன், அது நிற்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். இருபது தடவைக்கு மேல் இருக்கும். அம்மாச்சி திண்ணையிலிருந்து, "காத்தாடியப் போட்டுப் போட்டு அமத்துறியே, என்னய்யா ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டது ஒரு டேக்கில் அப்படியே பதிவாகியிருக்கிறது. அதை இன்னும் அழிக்கவில்லை.

அந்த ஃபேன் நிற்க 48 விநாடி. அதற்கடியில், காட்சி ஆரம்பத்திலிருந்தே, ஊஞ்சல் சங்கிலி முனகுகிற சத்தத்தை மெல்லிசாக வைத்தேன். ஃபேன் ஓடுகிற வரை காதுக்கே தெரியாது. டக், டக், டக் என்று இடைவெளி கூடிக்கொண்டே போய், கடைசி 'டக்' விழுந்த பிறகுதான் கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருப்பது கேட்கும். அதுவும் அப்போது ஆரம்பித்தது இல்லை, இவ்வளவு நேரமும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கோரமான முகம், அலறல் எதுவும் வேண்டாம், அந்தப் பெண்ணோடு சேர்ந்து நமக்கும் வயிற்றில் என்னவோ செய்யும். எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கலக்குகிற மிக்ஸிங்கில் டைரக்டர் அதைக் கேட்டுவிட்டு எழுந்து போய் வெளியே நின்றார். என் வேலையில் நான் பெருமைப்படுகிற நாள் அது.

மூன்றாம் நாள் தயாரிப்பாளருக்குப் போட்டுக் காட்டினோம். பத்தாவது விநாடியிலேயே திரும்பி, "என்ன சார், சவுண்டு கட்டாயிடுச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த விநியோகஸ்தரும் தலையாட்டினார். ராத்திரியோடு ராத்திரியாக ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, நிரப்பப்பட்டது. வயலின் கூட்டமாக இழுக்க, கடைசியில் ஒரு டமார். ஃபேன் போச்சு, ஊஞ்சல் போச்சு. படமும் ஒரு வாரம்தான் ஓடியது. என் ஃபேன் இருந்திருந்தால் ஓடியிருக்கும் என்று சொல்ல வரவில்லை, திரைக்கதையில் ஓட்டைகள் இருந்தன. ஆனால் அந்த இடத்தில் தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். டமார் வரப்போகிறது என்று வயலினே முன்கூட்டிச் சொல்லிவிட்டது, பிறகு எப்படிப் பயம் வரும்?

தயாரிப்பாளர் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயம் இல்லை. மிக்ஸிங் தியேட்டரில் வால்யூமை 7 என்ற பொது அளவில் வைத்துத்தான் நாங்கள் சத்தத்தை அளந்து கலக்கிறோம். ஊரில் பல தியேட்டர்களில் அதை 5, நாலரை என்று இறக்கித்தான் ஓட்டுகிறார்கள். மெல்லிய சத்தமெல்லாம் ஏசி இரைச்சலுக்கு அடியில் போய்விடும். அதற்குப் பயந்து அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலக்குவார்கள், காது வலிக்கிறது என்று தியேட்டர்காரர் இன்னும் இறக்குவார். இந்தச் சுற்று நிற்கிற வரைக்கும் அமைதியை நம்பிப் படம் எடுப்பவர்தான் முதலில் அடிபடுவார்.

தியேட்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கடைசி ஷாட் முடிந்த அடுத்த விநாடி கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, சில இடங்களில் படத்தையே நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான் ஓடும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று படம் பார்த்தேன், ஒன்றில்கூட என் பெயரை அவருக்குக் காட்ட முடியவில்லை. இரண்டு நிமிடம் இருட்டாக விட்டால் என்ன நஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, எதிர்காலம். பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். ராகுல் சதாசிவன் 2022ல் பூதகாலம் எடுத்தார். ஒரு வீடு, அம்மா, மகன், பாதிக்கு மேல் அவர்களுடைய மனப்புழுக்கம்தான். 2024ல் அவரே மம்மூட்டியை வைத்து முழுக் கறுப்பு வெள்ளையில் பிரமயுகம் எடுத்து, அதைத் தியேட்டரிலும் ஓட வைத்தார். நம் பக்கம் அதே வருடம் டிமான்ட்டி காலனி 2 சுதந்திர தினத்தன்று பெரிய படத்தோடு மோதியும் தாக்குப்பிடித்தது. பெரியவர் துணையோடு சின்னப் பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற 'யு/ஏ' சான்றிதழையும் இப்போது 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள். இது எனக்கு நம்பிக்கை தருகிறது, எட்டு வயதுக் குழந்தைக்கும் ஏற்றபடி பேயைப் பல்லைப் பிடுங்கித் திரையில் விட வேண்டிய கட்டாயம் குறையலாம். அப்புறம் ஹெட்போன். ராத்திரி போனில் படம் பார்க்கிற பையன் காதுக்குள் ஊஞ்சல் சங்கிலி நேராகப் போகும், நடுவில் வால்யூமை இறக்க ஆள் இல்லை.

போன மாதம் ஒரு குறும்படத்துக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள், கையில் காசு இல்லை. அந்த 48 விநாடியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு சின்ன ஹாலில் முப்பது பேருக்குப் போட்டார்கள், நான் கடைசி வரிசையில் இருந்தேன். 'டக்' சத்தம் இடைவெளி விட ஆரம்பித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள், பிறகு பக்கத்தில் இருந்த பையன், பிறகு ஐந்தாறு பேர். ஹாலில் ஃபேன் கிடையாது, ஏசிதான்.

உங்கள் கதையில் இப்படி ஒரு இடம் இருந்தால் மெசேஜ் பண்ணுங்கள், ஃபைலை அனுப்பி வைக்கிறேன். அம்மாச்சி குரல் இருக்கிற டேக் மட்டும் தர மாட்டேன்.