பூச்சாடிப் பக்கம்: வேலியோரத்து மெரூன் இலை

*அக்கா, எங்கள் வீட்டு காம்பவுண்டு ஓரம் செம்பு நிற இலைச் செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அகலிபா என்று நர்சரியில் சொன்னார்கள். சர்ச் ஆல்டருக்கு ஞாயிறு காலையில் வெட்டிக்கொண்டு போனால், ஆராதனை முடிவதற்குள் தலை தொங்கிவிடுகிறது. பூக்கடையில் தரும் பச்சை இலைக் கட்டையே வாங்கிவிடலாமா?*
வாசகி, பாளையங்கோட்டை

வாங்கவே வாங்காதீர்கள். எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் ஏறி, பஸ்ஸில் கசங்கி வரும் கட்டைவிட உங்கள் வேலியில் நிற்பது மேல். பிரச்சினை செடியில் இல்லை, வெட்டும் இடத்தில் இருக்கிறது.

அகலிபாவில் நிறம் அள்ளுவது நுனிக் கொழுந்தில். அதனால் எல்லோருடைய கையும் நேராக நுனிக்குத்தான் போகும். கொழுந்து இலை தண்ணீரை மளமளவென்று வெளியே விடும். அதைத் தாங்கும் தண்டும் இன்னும் முற்றியிருக்காது. வெட்டி அரை மணி நேரம் வெளியில் கிடந்தாலே துவண்டுவிடும். விரலால் கிளையை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வாருங்கள். வளைகிற பச்சைப் பகுதி முடிந்து, தோல் பழுப்பாகி, பென்சில் கனத்தில் விறைப்பாக ஒரு பகுதி தொடங்கும். அதற்கும் கீழே ஒரு கணுவுக்குச் சற்று மேலாக வெட்டுங்கள். வெட்டியபின் நுனியில் மூன்று விரல் நீளக் கொழுந்தைக் கிள்ளி எறியுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள். கிளையில் இருக்கும் இலையிலும் பாதியை எடுத்துவிடலாம். அகலிபா இலை பெரிது, மிச்சம் இருப்பதே சாடியை நிறைத்துவிடும்.

வெட்டுகிற நேரம் சனிக்கிழமை சாயங்காலம், வெயில் இறங்கியபிறகு. வெட்டிக்கொண்டு வாளியைத் தேடி ஓடாமல், வாளியைச் செடிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். வீட்டுக்குள் வந்ததும் அடித்தண்டைத் தண்ணீருக்குள் வைத்தபடியே இன்னொரு முறை சரிவாக நறுக்குங்கள். தண்டுக்குள் காற்று புகுந்திருந்தால் அந்தத் துண்டோடு போய்விடும். பிறகு கழுத்தளவு தண்ணீரில், ஃபேன் காற்றுப் படாத குளியலறை மூலையில் ராத்திரி முழுக்க நிற்கட்டும். தண்ணீருக்குள் முங்கும் இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது அழுகினால் பாக்டீரியா பெருகி, தண்டின் நீர்க்குழாயை அடைத்துவிடும். சாடியில் தண்ணீர் நிறைய இருந்தும் கிளை வாடுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடித்தண்டைச் சுத்தியலால் நசுக்கினால் தண்ணீர் நன்றாக ஏறும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் செய்வதில்லை. நசுங்கிய இடம் சீக்கிரம் அழுகி, சாடித் தண்ணீர் நாறும். கத்தியால் ஒரு அங்குலம் நெடுக்காகக் கீறிவிட்டால் போதும்.

ஞாயிறு காலையில் ஒரு கிளை சோர்ந்திருந்தால், இலையோடு முழுசாகத் தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். முற்றிய கிளை என்றால் நிமிர்ந்துவிடும். ஆல்டருக்கு நேர் மேலே ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் சாடியை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லி, சர்ச் வேலைகளைக் கவனிக்கும் கோவில் குட்டியாரிடம் கேளுங்கள்.

*கரும் சிவப்பு இலை குரோட்டன்ஸ் என்று வாங்கி வேலியாக வைத்தோம். டேபிள் அலங்காரத்துக்கு வெட்டியபோது வெள்ளையாகப் பால் வடிந்து, கையெல்லாம் அரிப்பு. எல்லாக் குரோட்டன்ஸும் இப்படித்தானா?*
வாசகர், கோயம்புத்தூர்

நம் ஊரில் கலர் இலை இருந்தால் போதும், நர்சரியில் எல்லாமே குரோட்டன்ஸ்தான். உங்களிடம் இருப்பது குரோட்டன்ஸாக இருக்காது. காம்பு நீண்டு, வட்டமான மெரூன் இலை மூன்று மூன்றாக ஒரே இடத்தில் கிளம்புகிறதா? அப்படியானால் அது யூபோர்பியா கோட்டினிஃபோலியா. இலையின் மேல்புறம் பச்சையாகவும் அடிப்புறம் கரும் சிவப்பாகவும் இருந்தால் எக்ஸ்கோகேரியா. இரண்டின் பாலும் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. வேலியாக நிற்கட்டும், தப்பில்லை. கத்தரிக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சாடிக்குள் அதைக் கொண்டுவரவே வேண்டாம், அதுவும் சாப்பாட்டு மேசைக்கு! கண்ணில் தெறித்துவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கண் டாக்டரிடம் போங்கள்.

புதுச்செடி எதுவானாலும் முதலில் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். பால் வந்தால் விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையில் அரளி தப்பித்துவிடும், ஆனால் அதன் இலையும் தண்டும் விஷம். அதையும் மேசைக்கு ஒதுக்கிவிடுங்கள். நிஜக் குரோட்டன்ஸின் சாறும் சிலருக்கு அரிக்கும், வெள்ளை வேட்டியில் பட்டால் கறை போகாது. ஆனால் வெட்டிய இலை தண்ணீரில் வாரக்கணக்கில் நிற்கும் என்பதால் அதை மன்னித்துவிடலாம்.

*கல்யாண ரிசப்ஷன் மேடைக்கு மெரூன் இலை நிறைய வைத்தேன். நேரில் பார்க்க அருமை. போட்டோவில் அங்கங்கே ஓட்டை விழுந்த மாதிரி கறுப்பாகத் தெரிகிறது.*
வாசகி, சென்னை

கறுத்த இலை வெளிச்சத்தை விழுங்கும். அதை நடுவில் குவித்தால் கேமராவுக்கு அது பள்ளம்தான். வெளிர் பூவுக்குப் பின்னால் ஒற்றை ஒற்றைக் கிளையாக நிறுத்துங்கள். சம்பங்கி, வெள்ளைச் சாமந்தி, வெளிர் மஞ்சள் ஜெர்பரா, இவற்றுக்குப் பின்னால் அகலிபா நின்றால் பூவின் விளிம்பு தனித்துத் தெரியும். ஆரஞ்சு செண்டுமல்லியோடும் நன்றாக ஒத்துப்போகும். ஓசூர் சிவப்பு ரோஜாவோடு மட்டும் சேர்க்காதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று அமுக்கிவிடும். பின்திரை மெரூன் வெல்வெட் என்றால் அன்றைக்கு மெரூன் இலைக்கு லீவு கொடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் இட்லிப்பூச் செடியின் கிளை போதும். அடர் பச்சை, தோல் மாதிரி தடித்த இலை, லேசில் வாடாது. பூவுக்காகவே வளர்க்கும் செடி என்பதால் அதன் இலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

*பால்கனித் தொட்டியில் வைத்த அகலிபா பச்சையாகிக்கொண்டே போகிறது.*
வாசகி, திருச்சி

வெயில் போதவில்லை. அந்தச் செம்பு நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி. நேர் வெயில் பட்டால்தான் இலை அதை நிறையச் சேர்க்கும். நிழலில் அடியிலிருக்கும் பச்சை மேலே வந்துவிடும். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். யூரியா போடுவதாக இருந்தால் நிறுத்துங்கள். பழைய இலையில் நிறம் திரும்பக் காத்திருக்காமல் கத்தரித்துவிடுங்கள், புதுத் துளிர் நிறத்தோடு வரும். வெட்டிய முற்றிய குச்சியை மழைக்காலத்தில் மண்ணில் சொருகினால் அடுத்த செடி.

*கிளைகளைக் குத்தி நிறுத்த பச்சை ஸ்பாஞ்ச் இல்லாமல் வேறு வழி உண்டா? வாராவாரம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.*
வாசகி, தக்கலை

தக்கலையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா! வாழைத்தடி இருக்கிறதே. குலை வெட்டிய மரத்திலிருந்து ஒன்றரை அடி நீளம் எடுத்து, கீழே உருளாமல் இருக்க ஒரு பக்கத்தைச் சீவித் தட்டையாக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் சரிவாக ஓட்டை போட்டு, கிளையைச் சொருகினால் அசையாது. தடிக்குள்ளேயே ஈரம் இருப்பதால் ஒரு நாள் விசேஷத்துக்குத் தாராளமாகத் தாங்கும். அகலிபா, இட்லிப்பூ போன்ற கட்டைக் கிளைகளுக்கு ஸ்பாஞ்சைவிட இதில்தான் பிடிப்பு. ஜெர்பரா மாதிரி மெல்லிய தண்டு மட்டும் ஓட்டைக்குள் நசுங்கும். அதற்கு ஈர்க்கைப் பக்கத்தில் வைத்துக் கட்டிச் சொருகுங்கள்.

பல நாள் நிற்க வேண்டும் என்றால் கோழிவலையை ஒரு முழம் வெட்டி, பந்தாகச் சுருட்டி, உருளிக்குள் அமுக்கித் தண்ணீர் ஊற்றுங்கள். கழுவிக் காயவைத்தால் வருஷக்கணக்கில் வரும். அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் 1954-ல் அமெரிக்காவின் வெர்னான் ஸ்மிதர்ஸ் கண்டுபிடித்தது. பிளாஸ்டிக் சாதிதான், மண்ணில் மக்காது, தூளாக மட்டும் உதிரும். மிச்சம் கைவசம் இருந்தால், ஊறவைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள்.

வாழைத்தடிக்கு அடியில் மட்டும் பாலித்தீன் ஷீட் விரிக்க மறக்காதீர்கள். அந்தக் கறை மேசைவிரிப்பில் ஏறினால் எந்த சோப்புக்கும் அசையாது.