தோட்டைக் கழற்றிவிட்டு எடை பார்க்கிறேன்

மேடம், வணக்கம். எனக்கு வயது 27. இதை யாரிடமும் சொன்னதில்லை. அதனால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

தினமும் காலையில் வீட்டில் யாரும் எழுவதற்கு முன் எடை பார்ப்பேன். மெஷின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பாத்ரூம் போய் வந்து, தோடு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, தரையில் எப்போதும் ஒரே இடத்தில் வைத்துத்தான் ஏறுவேன். எண் குறைந்திருந்தால் அன்றைக்கு எல்லோரிடமும் சிரித்துப் பேசுவேன். கூடியிருந்தால் காலைச் சாப்பாடு கிடையாது, மதியமும் பேருக்குத்தான். "வயிறு சரியில்லை" என்று ஆபீஸில் சொல்லிச் சொல்லி, இப்போது யாரும் கேட்பதுகூட இல்லை.

ராத்திரி வந்தால் நான் வேறு ஆள். எல்லோரும் தூங்கிய பிறகு, லைட் போடாமல், சமையலறையில் நின்றுகொண்டே மிச்சம் மீதி எல்லாம் சாப்பிடுவேன். பாத்திர மூடி சத்தம் போடாமல் இருக்கத் துணி விரித்து அதன்மேல் வைப்பேன். ருசிகூடத் தெரியாது. வயிறு வலிக்கும்வரை நிறுத்த முடியாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி ஆகிறது. பயந்துபோய் சில தடவை நானாகவே வாந்தியும் எடுத்திருக்கிறேன்.

காலேஜ் முடிக்கிற சமயத்தில் வீட்டுக்கு வந்த அத்தை, "என்னடி, நல்லா உடம்பு போட்டுட்ட" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

ஆனால் நான் ஒல்லி இல்லை மேடம். அதுதான் குழப்பம். இதைப் பற்றித் தேடினால் எலும்பும் தோலுமான படங்கள்தான் வருகின்றன. டாக்டரிடம் போனால் "உங்களுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கீங்க" என்று சிரிப்பாரோ? இது நோயா, இல்லை எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லையா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

சிரிக்க மாட்டார். அப்படியே சிரித்தாலும் வேறு ஒருவரிடம் போங்கள். நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அளவு மீறிச் சாப்பிடுவது, பிறகு பயந்து வாந்தியாலோ பட்டினியாலோ அதைச் சரிக்கட்டப் பார்ப்பது, இப்படியே சுற்றிக்கொண்டிருப்பதற்குப் புலிமியா என்று பெயர். ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1979-இல் இதை விரிவாக எழுதினார். இது இருப்பவர்களில் பெரும்பாலோர் சராசரி எடையிலோ அதற்கு மேலோதான் இருப்பார்கள். அதனால்தான் ஒரே வீட்டில் இருப்பவருக்குக்கூடத் தெரியாமல் வருடக்கணக்கில் ஓடுகிறது. உங்களுக்கு இருப்பது அதுதானா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் முத்திரை குத்த மாட்டேன். நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். ஆனால் உதவி கேட்கும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்றால், ஆமாம்.

வாய்க்கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். 1944-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுவதில் ஏறத்தாழ பாதிதான் கொடுத்தார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? அதற்கு முன் சமையல் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகம் படித்தார்கள். பேச்சு, நினைப்பு, கனவு எல்லாம் சாப்பாடு. தட்டை நக்கினார்கள். திரும்ப நிறையச் சாப்பிடக் கிடைத்தபோது, சிலருக்கு வயிறு நிறைந்தும் நிறுத்தத் தெரியவில்லை. அவர்களை எந்த அத்தையும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உடம்பைப் பட்டினி போட்டால் மனசு செய்கிற வேலை அது.

உங்கள் ராத்திரி, காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பகல் முழுக்க இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிற ஒருவரைக் கட்டுப்பாடு இல்லாதவர் என்று நான் எப்படிச் சொல்வது?

அப்புறம் அந்தத் தோடு. கடிதத்தில் அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தேன். இரண்டும் சேர்ந்து சில கிராம் இருக்குமா? ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் அதைவிடப் பல மடங்கு ஏறும். எடை ஒரே நாளுக்குள்ளேயே ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் எதுவும் அதை அசைக்கும். உடலில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பட்டினியில் அது கரையும்போது தண்ணீரும் போகிறது, சாப்பிட்டதும் திரும்பி வருகிறது. மெஷினில் நீங்கள் பார்த்துச் சந்தோஷப்படுவதும் அழுவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான். மெஷினை வீட்டில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எடை பார்க்க வேண்டியிருந்தால், சிகிச்சை தருபவரோடு வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

கண்ணாடியும் நீங்கள் நினைக்கிற அளவு நியாயமான சாட்சி இல்லை. பிடிக்காத இடத்தையே குறிவைத்துப் பார்த்தால் அந்த இடம்தான் பெரிதாகத் தெரியும். ஒல்லியான உடம்புகளையே போனில் பார்த்துக்கொண்டிருந்தால், எது சாதாரணம் என்று கண் வைத்திருக்கும் அளவுகோலே நகர்ந்துவிடுகிறது.

இப்போது செய்ய வேண்டியது, கேட்கும்போது உங்களுக்குப் பிடிக்காது: சாப்பிடுங்கள். மூன்று வேளை, நடுவில் இரண்டு முறை சின்னதாக. விழித்திருக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போட வேண்டாம். பசிக்கிறதா என்று பார்க்காதீர்கள், மணியைப் பாருங்கள். உங்கள் பசி இப்போது நம்பும்படியாக இல்லை. கஷ்டமான நாள், ராத்திரி அளவு மீறிய மறுநாள்தான். அன்றைக்குக் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் அடுத்த ராத்திரிக்கு நீங்களே அச்சாரம் போடுகிறீர்கள். "எடை ஏறிவிடாதா?" என்பீர்கள். முதல் சில வாரம் முன்னே பின்னே ஆகலாம். புலிமியாவுக்கான சிகிச்சை முடிகிற சமயத்தில் பெரும்பாலோருக்கு எடையில் பெரிய மாற்றம் இருப்பதில்லை.

வாந்தி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அதற்கு ஒல்லியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. நான் ஆலோசகர், டாக்டர் இல்லை. எனவே முதலில் ஒரு பொது மருத்துவரிடம் போய், வாந்தியை மறைக்காமல் சொல்லி, ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் செய்துகொள்ளுங்கள். மயக்கம், படபடப்பு, வாந்தியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீர்கள். அமிலம்பட்ட எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவீர்கள், வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். அடுத்து மனநல மருத்துவர் அல்லது உளவியலாளர். அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (சி.பி.டி.) என்று கேளுங்கள். நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றுகிற சிகிச்சை, புலிமியாவுக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை அது. எப்படிச் சொல்வது என்று தயங்கினால் எனக்கு எழுதியதையே நீட்டுங்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

அத்தை அன்றைக்கே மறந்திருப்பார். நீங்கள் மறக்கவில்லை. அதை ஆலோசகரோடு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், அவசரமில்லை. அவசரம் ஈசிஜிக்குத்தான்.

மறுபடி எழுதுங்கள். எடையைக் குறிப்பிட வேண்டாம். மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.